எட்டு மீட்டர் நாற்பது

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, ஒட்டுக்கேட்டேன். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பின்னால் வேறு யாராவது கண்டுபிடித்து என்னை ஏளனம் செய்ய வேண்டாம்; இந்தக் கதையில் ஏளனம் செய்ய வேண்டிய ஆட்கள் ஏற்கனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

மாநகராட்சி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஒட்டுப்பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். 'புத்துயிர் பெற்ற நகரம்' என்று ஒரு மலர் வெளியிடப் போகிறார்களாம். அதற்கு ஒரு சிறுகதை வேண்டுமாம். எண்ணூறு சொல். நம்பிக்கை ஊட்ட வேண்டும். மேயர் கதைக்குள் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை, "ஆனா வந்தா வேண்டாம்னு சொல்ல மாட்டோம்."

காத்திருந்தபோது தடுப்புக்கு அந்தப் பக்கம் பேச்சு ஆரம்பித்தது. எனக்குக் கதை எப்போதும் காது வழியாகத்தான் வரும். மூக்கு, முழி, சட்டை நிறமெல்லாம் பிறகு நானாக ஒட்டிக்கொள்வது. அதனால் நீங்களும் முதலில் கேட்டுவிடுங்கள்.

"இது என்ன டேப்பும்மா?"

"அளக்குற டேப்பு சார். முப்பது மீட்டர்."

"முப்பது இல்லம்மா. இருபத்தொம்போது மீட்டர் நாப்பது சென்டிதான் இருக்கு. முன்னாடி அறுபது சென்டியைக் காணோம்."

"காணோம்னா?"

"ஒடிஞ்சிருக்கு. ஒடிஞ்ச எடத்துல கொக்கியை வச்சு ரிவெட் அடிச்சிருக்காங்க. நீங்க கொக்கியை சைபர்னு நெனச்சு இத்தனை வருஷமா அளந்திருக்கீங்க."

அப்புறம் மூன்றாவதாக ஒரு குரல் அவசரமாகச் சொன்னது:

"கதவைச் சாத்துங்க."

ஒட்டுப்பலகைக்கு மேலே இரண்டடி திறந்து கிடக்கிறது. கதவைச் சாத்துகிறாராம்.

2

மலருக்காக அன்று மாலை நான் எழுதிப் பார்த்த தொடக்கங்களை அப்படியே விட்டுவைக்கிறேன். அடித்த இடம் தெரிய வேண்டும்.

அந்த நகரம் நெடுங்காலமாக உறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள்

(பொய். பஸ் பணிமனை என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. முதல் வண்டி உறுமும்போது இந்தத் தெருவில் எவராலும் உறங்க முடியாது.)

யாரும் கண்டுகொள்ளாத அந்த ஊரை உலகமே திரும்பிப் பார்த்தது

(உலகம் பார்க்கவில்லை. பக்கத்து மூன்று ஊர்கள் பார்த்தன. அதில் ஒன்று சிரித்தது.)

ஓட்டம் என்பது கால்களின் வேலை மட்டுமல்ல, அது ஒரு நகரத்தின்

(இதை முடிக்க வாய் கூசியது.)

'புத்துயிர்' என்ற சொல்லையே கொஞ்சம் தட்டிப் பாருங்கள். புத்துயிர் வர வேண்டுமானால் முதலில் பழைய உயிர் போயிருக்க வேண்டும். எங்களுக்கு எப்போது போனது? எந்தத் தேதியில்? யார் வந்து நாடி பிடித்துப் பார்த்தார்கள்? நாங்கள் அப்போதும் பால் வாங்கினோம், பிள்ளை பெற்றோம், வாடகை ஏற்றியவரைத் திட்டினோம். மேயருக்கு முந்திய காலத்தில் செத்துக் கிடந்தோம் என்பது மேயர் பதவியேற்ற பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

3

இனி ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பேர்தான்.

டேப்பைப் பிடித்துக்கொண்டு பேசியவர் சர்வேயர். மைதானத்தில் புதிதாகச் செயற்கை ஓடுதளம் போடுவதற்காக வெளியூரிலிருந்து வந்தவர். பதில் சொன்ன பெண்மணி கோடுக்காரம்மா. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவள். இருபத்திரண்டு வருடமாக அதுதான் வேலை. கதவைச் சாத்தச் சொன்னவர் மச்சான். மேயருக்கு மட்டும்தான் மச்சான், ஆனால் ஊரே அவரை அப்படித்தான் சொல்லும். பயிற்சியாளர் அவர்தான், விளையாட்டுக் குழுத் தலைவர் அவர்தான், மலர்க் குழுத் தலைவரும் அவர்தான். மேயரின் மனைவிக்குத் தம்பியா, தங்கைக்குக் கணவரா என்று எழுதப் பார்த்தேன். உறவுக் கணக்கு உதைத்தது, விட்டுவிட்டேன்.

கணக்கு என்றால் இது ஒன்றுதான், பயப்படாதீர்கள். ஓடுதளம் ஒரு சுற்று நானூறு மீட்டர் இருக்க வேண்டும். முப்பது மீட்டர் டேப்பைப் பதினான்கு தடவை நீட்டினால் நானூறு வந்துவிடும், கடைசித் தடவை பத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் அறுபது சென்டி குறைந்தால், பதினான்கு தடவைக்கு எட்டு மீட்டர் நாற்பது. எங்கள் நானூறு மீட்டர் அவ்வளவு குட்டை.

இந்த எட்டு மீட்டர் நாற்பதுதான் நகரத்துக்குப் புத்துயிர் கொடுத்தது. நான் மிகைப்படுத்தவில்லை. எங்கள் மைதானத்துக்குப் போட்டிக்கு வந்த வெளியூர்ப் பிள்ளைகள் தங்கள் வாழ்நாளில் ஓடாத வேகத்தில் ஓடினார்கள். திரும்பிப் போய்ச் சொன்னார்கள். அடுத்த வருடம் இரண்டு மடங்கு பேர் வந்தார்கள். யாருக்குத்தான் தன் வேகம் கூடிய இடத்துக்குத் திரும்பி வர ஆசை இருக்காது? தங்கும் விடுதி வந்தது. ரயில் நின்று போக ஆரம்பித்தது. ஒரு பத்திரிகை எங்கள் காற்றைப் பாராட்டியது. இன்னொன்று தண்ணீரை. மேயர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "நம்ம மண்ணுல ஏதோ இருக்கு!" என்றார். மண்ணில் ஏதோ இல்லாமல் இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

பிறகு கலை வந்தது. நாற்சந்தியில் ஓடுகிற கால் ஒன்றைச் சிலையாக வைத்தார்கள். ஒற்றைக் கால். மேலே ஆள் கிடையாது. அந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தலைக்கு மேலே யாரோ உதைக்க வருகிற மாதிரியே இருக்கும். சாக்கடைச் சுவர்களில் ஓவியம் தீட்டினார்கள்; சாக்கடையை அப்படியே விட்டுவிட்டார்கள். 'வேகமும் கவிதையும்' என்று ஒரு மாநாடு. அதில் ஒருவர் வேகத்தைப் பற்றி மூன்று மணி நேரம் பேசினார். ஊர் எல்லையில் 'வேகத்தின் தலைநகர் உங்களை வரவேற்கிறது' என்று பெரிய பலகை. அதற்கு நேர் கீழே ஒரு வேகத்தடை.

(ஓர் இடைக்குறிப்பு: அந்த மாநாட்டில் நானும் பேசினேன். பொன்னாடையையும் வாங்கிக்கொண்டேன். கேலி செய்கிறவள் வெளியே நின்று செய்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள்.)

4

இன்னும் ஒருத்தி பாக்கி. சிட்டு. ஓடுகிறவள். பத்தொன்பது வயது. கோடுக்காரம்மாவின் அக்கா மகள். அக்கா போன பிறகு சித்திதான் வளர்த்தாள்.

சிட்டு எங்கள் மைதானத்தில் ஒரு சுற்றை ஐம்பத்து மூன்று புள்ளி ஒன்பது விநாடியில் ஓடுவாள். தேசியத் தேர்வுக்கு ஐம்பத்து நான்கரை போதும். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை வெளியூர் போய் ஓடியபோது ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. ஊர் அவளுக்கு 'வீட்டுப் புலி' என்று பட்டம் கட்டியது. மச்சான், "புள்ளைக்கு வெளியூர்னா பயம்" என்று ஒரு நிபுணரைப் போலச் சொன்னார். அவளும் நம்பிவிட்டாள். இந்தத் தடவை தேர்வுக்கு வெளியூர் போயும் தோற்றால் ஓட்டத்தையே விட்டுவிட்டு, பணிமனையில் எழுத்தர் வேலைக்கு எழுதிப்போடுவதாக வீட்டில் சொல்லியிருந்தாள்.

தேர்வுக்கு அப்போது இருபத்தொரு நாள் இருந்தது. இப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் மறுபடி காதை வையுங்கள்.

"அப்ப எம்புள்ள வெளியூர்ல ஓடுனது…" இது கோடுக்காரம்மா.

"சரியான நானூறு மீட்டர்ல ஓடியிருப்பாம்மா."

"இங்க ஓடுற அதே ஓட்டம்தானா சார்?"

சர்வேயர் காகிதத்தில் கிறுக்கும் சத்தம். "அதே ஓட்டம்தான். வித்தியாசமே இல்ல. தூரந்தான் வேற."

"அவ பயப்படலையா?"

"கால் பயப்பட்ட மாதிரி தெரியலம்மா."

மச்சான் குறுக்கே விழுந்தார். "கால் பயந்துச்சா கை பயந்துச்சாங்கிறதை அப்புறம் பாப்போம். சர்வேயர் சார், புது டிராக்கை இந்த டேப்பாலயே அளந்து போட்டுடுங்க."

"என்ன சார் சொல்றீங்க? மீட்டர்ங்கிறது உலகத்துக்கே ஒண்ணுதான்."

"உலகத்துக்கு ஒண்ணு இருக்கட்டும். நம்ம ஊருக்குன்னு ஒண்ணு இருக்கக் கூடாதா? நம்ம பாரம்பரிய அளவு. இருபத்திரண்டு வருஷப் பாரம்பரியம்!"

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"கையெழுத்துப் போடறதுக்கு வேற ஆள் இருக்கு. ஏம்மா, நீங்க எதுக்கு அழறீங்க?"

"புள்ளைகிட்ட சொல்லணும் சார்."

"சொல்லுங்க. தாராளமா சொல்லுங்க. நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? கோடு போட்டது சித்தி, ஓடுனது அக்கா மக. புள்ள ஜெயிக்கணும்னு சித்தி தூரத்தைக் குறைச்சுட்டாள்னு சொல்லும். டேப்பு ஒடிஞ்ச கதையை எவன் நம்புவான்? புள்ளையோட பதக்கம் அத்தனையும் திருட்டுப் பொருள் ஆயிடும். சொல்லுங்க, போங்க."

நாற்காலி நகரும் சத்தம். கதவு திறந்தது. மச்சான் வெளியே வந்து என்னைப் பார்த்து ஒரு விநாடி விழித்தார். பிறகு முகம் நிறையச் சிரித்தார்.

"அம்மா! எப்ப வந்தீங்க? நம்பிக்கை ஊட்டுற மாதிரி ஒரு கதை, மறந்துடாதீங்க."

5

எழுதும்போது எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. மச்சான் மேல் இல்லை. அவர் கண்ணாடி மாதிரி, எல்லாப் பக்கமும் தெரியும். சந்தேகம் கோடுக்காரம்மா மேல். இருபத்திரண்டு வருடம் ஒரு டேப்பைக் கையில் வைத்திருக்கிறவளுக்கு அதில் முன்பகுதி இல்லை என்று தெரியாதா? நான் ஒரு வாசகியாக இருந்தால் நம்ப மாட்டேன். நீங்களும் முகம் சுளித்திருப்பீர்கள்.

அதனால் மைதானத்துச் சாமான் அறைக்குப் போனேன். சுண்ணாம்பு மூட்டைகள், கோடு போடும் தள்ளுவண்டி, கிழிந்த வலை, ஒரு ஸ்டூல். அவள் ஸ்டூலை எனக்குத் தந்துவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"நெசமாவே தெரியாதா?"

"நீங்களும் அதையேதான் கேக்குறீங்க."

"கதைக்கு வேணும்மா."

"கதைக்கு வேணும்னா தெரியும்னு எழுதிக்குங்க. சுலபமா முடிஞ்சுடும்."

நான் பேனாவை மூடி வைத்தேன். அவளே சொன்னாள்.

"நான் வேலைக்குச் சேந்த வாரம் அந்த இரும்புக் கதவுல டேப்பு மாட்டி ஒடிஞ்சது. அப்ப இருந்த மேஸ்திரி கொக்கியைத் திரும்ப அடிச்சுக் குடுத்தாரு. 'கொக்கியில இருந்து அள'ன்னாரு. அளந்தேன். முன்னாடி ஒரு மீட்டருக்கு எழுத்தே இல்ல, சுண்ணாம்புல தேஞ்சு போச்சு. பாதை அகலத்துக்குத் தனியா குச்சி இருக்கு. டேப்பை நீளத்துக்கு மட்டுந்தான் எடுப்பேன். முப்பதுங்கிற எழுத்தைப் பாப்பேன், முளை அடிப்பேன். சைபர் எங்க இருக்குன்னு யாரு பாப்பா? முடியுற எடத்தைத்தானே எல்லாரும் பாக்குறோம்?"

"ஒரு தடவைகூட வேற டேப்பை வச்சுப் பாக்கலையா?"

"நீங்க உங்க வீட்டுக் கடிகாரத்தை எத்தனை கடிகாரத்தோட வச்சுப் பாத்தீங்க?"

சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன். அவளைப் பற்றிய சந்தேகத்தை மட்டும்.

"சிட்டுகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. வாய் வரைக்கும் வருது, நின்னுடுது. நீங்க எழுதுறவங்களாச்சே, நீங்க பக்குவமா சொல்லிடுங்களேன்."

"நான் பக்குவமா சொன்னா பொய்யாத்தான் வரும்."

"அப்ப பக்கத்துல வந்து நில்லுங்க. யாராவது நின்னா எனக்குத் தைரியம் வரும்."

6

இந்த இடத்தில் கதைக்கு முடிவு கேட்பார்கள். வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

மலர் முடிவு: சித்தி சொல்லாமல் இருந்துவிடுகிறாள். சிட்டு தேர்வில் தோற்கிறாள். ஆனாலும் ஊர் திரண்டு அவளை வரவேற்கிறது. மேயர் கண் கலங்கி, 'தோல்வியே வெற்றியின்' என்று ஏதோ சொல்கிறார். புது ஓடுதளம் பாரம்பரிய அளவில் திறக்கப்படுகிறது. எண்ணூறு சொல் சரியாக வரும்.

நல்லவர்கள் முடிவு: சித்தி எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்கிறாள். ஊர் திருந்துகிறது. (எந்த ஊர்?)

கண்ணீர் முடிவு: சித்தி மைதானத்தை விட்டுப் போகிறாள். அவள் போட்ட கடைசிக் கோட்டின் மேல் மழை

(போதும். மழையை நான் வாடகைக்கு எடுப்பதில்லை.)

இளைஞர் முடிவு: சிட்டு உண்மை தெரிந்ததும் வெறி வந்து ஓடி எல்லாரையும் தோற்கடிக்கிறாள். வெறி வந்தால் எட்டு மீட்டர் நாற்பது சுருங்கிவிடும் என்று நினைக்கிறவர்கள், எங்கள் மேயருக்கு ஓட்டுப் போட்டவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

மலருக்கு எதையும் அனுப்பவில்லை. மச்சான் இரண்டு தடவை ஆள் விட்டார். "இன்னும் முடிவு வரல" என்று சொல்லி அனுப்பினேன். என் வாழ்க்கையில் ஓர் அலுவலகத்துக்கு நான் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான்.

7

ஒட்டுக்கேட்டதிலிருந்து ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு மைதானத்துக்குப் போனேன். கோடுக்காரம்மா எனக்கு முன்னால் வந்திருந்தாள். சர்வேயர் ஊருக்குத் திரும்பும்போது தன் டேப்பை அவளிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். அதை வைத்து அளந்து, பழைய முடிவுக் கோட்டுக்கு அப்பால் புதிதாக ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தாள். வாயால் சொல்ல வராததைச் சுண்ணாம்பால் சொல்லியிருந்தாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

சிட்டு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். கோட்டைப் பார்த்தாள். இன்னொரு கோட்டையும் பார்த்தாள்.

"என்ன சித்தி, ரெண்டு கோடு கெடக்கு? எது முடிவு?"

இதே கேள்வியை என்னிடம் கேட்ட பத்திரிகை ஆசிரியர்கள் யாருக்கும் அந்தக் குரல் இருந்ததில்லை.

சித்தி சொன்னாள். பக்குவமெல்லாம் இல்லை. கதவு, கொக்கி, ரிவெட், அறுபது சென்டி, பதினான்கு தடவை, எட்டு மீட்டர் நாற்பது. முகத்தைப் பார்க்காமல், டேப்பைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"எப்ப தெரியும்?"

"ஒம்போது நாளாச்சு."

"ஒம்போது நாளா என்ன பண்ணின?"

"கோடு போட்டேன்."

"பழைய எடத்துலயா?"

"பழைய எடத்துலதான்."

"நானும் அதுலயே ஓடினேன். நீ ஸ்டாப்வாட்சைப் பாத்து 'சபாஷ்டி'ன்ன."

"சொன்னேன்."

சிட்டு பையைக் கீழே போட்டாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. காதை மட்டும் மூட முடியவில்லை.

"ரெண்டு வருஷமா என்னை வீட்டுப் புலின்னானுங்க. தெருவுல போனா உறுமிக் காட்டுனானுங்க. நானும் ராத்திரி படுத்து யோசிப்பேன், ஏன் நமக்கு மட்டும் வெளியூர்னா காலு வரமாட்டேங்குதுன்னு. அப்ப அங்க ஓடுனது?"

"அதுவும் இதே ஓட்டந்தான்டி. ஒரு துளி கொறையல. சர்வேயர் சார் கணக்குப் போட்டே காட்டினாரு."

"அப்ப எனக்குப் பயம் இல்ல."

"இல்லடி. பயமே இல்ல."

சித்தியின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அது நிலைப்பதற்குள் சிட்டு அடுத்ததைக் கேட்டாள்.

"வேகமும் இல்ல. அப்படித்தானே?"

சித்தி என்னைப் பார்த்தாள். நான் எழுதுகிறவள், இந்த மாதிரி நேரத்தில் ஒரு வாக்கியம்கூட என் கையில் இருப்பதில்லை.

"ஊர்ல என்ன சொல்லுவாங்கன்னு தெரியும்ல?" சிட்டு குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "எனக்காக நீ குறுக்கினன்னு சொல்லுவாங்க. மச்சான்தான் மொத ஆளா சொல்லும்."

"சொல்லட்டும். தேர்வுக்கு நீ தெரிஞ்சு போகணும். தெரியாமப் போயி, திரும்ப வந்து உன் காலையே நீ திட்டுறதை என்னால பாக்க முடியாது. என்னைத் திட்டு."

"திட்டுவேன். ஓடிட்டு வந்து திட்டுறேன். வாட்சை எடு."

8

அவள் ஓடியதை நான் வர்ணிக்கப் போவதில்லை. ஓட்டத்தை வர்ணித்து இந்த ஊர் ஏற்கனவே ஒரு கால் சிலை வைத்திருக்கிறது. எனக்குக் கேட்டதை மட்டும் சொல்கிறேன். மண்ணில் அடிபடும் சத்தம், தூரம் போய், தேய்ந்து, வளைவைத் திரும்பி மறுபடி பெரிதாகி வந்தது. பழைய கோட்டின் மேல் அது சட்டென்று தளர்ந்தது. பல வருடமாக அந்த இடத்தில் நின்று பழகிய கால்கள். யாரும் சொல்லாமலே நிற்கத் தெரிந்த கால்கள்.

"நிக்காதடி!" சித்தி போட்ட சத்தத்தில் மைதானத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பின. "இன்னும் இருக்குடி! இன்னும் இருக்கு! வா!"

இரண்டாவது கோட்டைத் தாண்டி விழுந்தாள். முழங்கால் தேய்ந்து, கையெல்லாம் சுண்ணாம்பு. மூச்சு திரும்பியதும் கேட்டாள்:

"எவ்வளவு சித்தி?"

சித்தி வாட்சைப் பார்த்து எண்ணைச் சொன்னாள். என் காது கூர்மை. புள்ளிக்கு அப்புறம் இருந்ததுகூடக் கேட்டது. எழுத மாட்டேன்.

ஏனென்றால் அது ஐம்பத்து நான்கரைக்குக் கீழே என்று எழுதினால், மச்சான் நாளைக்கே வந்து இந்தக் கதையை மலரில் போட்டுவிடுவார். குட்டை மைதானம்கூட ஒரு பயிற்சி முறை என்பார். மேலே என்று எழுதினால், நீங்கள் "ஐயோ பாவம்" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டு, நல்ல மனசுக்காரர் என்று உங்களையே தட்டிக்கொடுத்துக்கொள்வீர்கள். இரண்டையும் என்னால் சகிக்க முடியாது. பன்னிரண்டு நாள் பாக்கி இருக்கிறது, அவளுக்கும் எனக்கும். எண்ணுக்கான இடத்தை விட்டுவைக்கிறேன், உங்களுக்கு ஆசையாக இருந்தால் நிரப்பிக்கொள்ளுங்கள்:

(                    )

என்ன போட்டீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாம். எதைப் போட்டாலும் அதற்கு அடுத்த வரி மாறாது. அது உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. சிட்டு எழுந்து நின்று, தேய்ந்த முழங்காலில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, சித்தியிடம் கையை நீட்டிச் சொன்னது:

"டேப்பைக் குடு. இந்தக் கோட்டையும் நான் அளந்து பாக்குறேன்."